ஜார்ஜ் சைமன் ஓம்

ஜார்ஜ் சைமன் ஓம் (மார்ச் 16, 1789 – ஜூலை 6, 1854) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர், கணித ஆசிரியர். ஒரு கடத்தியின் வழியே பாயும் மின்னோட்டம் அதன் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்திலும், அதன் மின்தடைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்னும் ஓம் விதியைக் கண்டறிந்தவர் இவரே. மின்தடையின் அலகு இவர் பெயரால் ஓம் என்று வழங்கப்படுகின்றது. ஒலியியலிலும் இவர் பெயரால் ஒரு விதி உண்டு. கார்களில் சப்வூஃபர் பொருத்துவோர் ஒலிபெருக்கியின் பின்புறத்தில் 4 ஓம், 2 ஓம் என்று படிப்பது இவருடைய பெயரையே. அவ்வமைப்பிற்கு மிகைப்பியைத் (ஆம்ப்ளிஃபையர்) தேர்ந்தெடுப்பதும் கம்பியிடுவதும் பெரும்பாலும் இவருடைய விதியைக் கொண்டு போடும் கணக்குகளே ஆகும். அக்கணக்குகள் இக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் தரப்பட்டுள்ளன.

இளமை

ஓம் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை யோகான் வொல்ஃப்காங் ஓம் பூட்டுத் தொழிலாளி. தாய் மரியா எலிசபெத் பெக் தையற்காரர் ஒருவரின் மகள். இவர்களுக்குப் பிறந்த ஏழு குழந்தைகளுள் மூவரே பிழைத்தனர். ஓமுக்குப் பத்து வயதானபோது தாய் இறந்தார். பிழைத்த மூவருள் இளைய மகனாகிய மார்ட்டின் ஓம் பிற்காலத்தில் பெயர் பெற்ற கணிதவியலாளரானார்.

தந்தை முறையான கல்வி பெறாதவர். ஆயினும் தாமே நூல்களைக் கற்று உயர்ந்த அறிவு பெற்றிருந்தார். கணிதம், இயற்பியல், வேதியியல், மெய்யியல் ஆகியவற்றை மகன்களுக்கு அவரே கற்பித்தார். ஓம் 11 முதல் 15 வயது வரை எர்லாங்கன் உயர்பள்ளியில் பயின்றார் என்றாலும், அப்பள்ளியை விடத் தந்தையின் பயிற்சியே அவருக்கு அறிவியலில் அடித்தளமிட்டது. எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் இச்சிறுவர்களைச் சோதித்துப் பார்த்து, கணிதத்தில் புகழ் பெற்ற பெர்னூலி குடும்பத்தாரோடு ஒப்பிட்டார்.

1805-இல் ஓம் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் ஆகியவற்றில் பொழுதைக் கழித்தார். தாம் பெறாத வாய்ப்பை மகன் வீணாக்குவதைக் கண்டு சினமுற்ற தந்தை படிப்பை நிறுத்தி, 1806-இல் அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கு கோட்ஸ்டாட் என்னும் ஊரிலுள்ள பள்ளியில் ஓம் கணித ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது 17.

ஆசிரியப் பணி

1809-இல் லாங்ஸ்டார்ஃப் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோது, ஓமும் அங்கு சென்று அவரிடம் படிக்க விரும்பினார். ஆனால் ஆய்லர், லாப்லாசு, லாக்ரவா ஆகியோரின் நூல்களைத் தாமாகவே படிப்பதே நல்லது என்று லாங்ஸ்டார்ஃப் அறிவுறுத்தினார். ஓம் அவ்வாறே நியூசாட்டெல் நகரில் தனிப்பயிற்சி ஆசிரியராக இருந்துகொண்டு படித்தார். 1811-இல் எர்லாங்கன் திரும்பி, அதே ஆண்டு அக்டோபரில் முனைவர் பட்டம் பெற்றார். உடனே அங்கேயே கணித விரிவுரையாளராகவும் அமர்ந்தார். ஊதியம் வயிற்றுக்குப் போதாமையால் மூன்று பருவங்களில் அப்பணியை விட்டார்.

1813-இல் பவேரிய அரசு பாம்பெர்க் நகரில் தரம் குறைந்த பள்ளி ஒன்றில் வேலை கொடுத்தது. 1816-இல் அப்பள்ளி மூடப்பட்டதும், மாணவர் நெரிசல் மிக்க வேறொரு பள்ளிக்கு மாற்றப்பட்டார். இவ்வாண்டுகளில் மனநிறைவின்றி இருந்த ஓம், வடிவியல் கற்பித்தல் குறித்து ஒரு சிறு நூல் எழுதினார். 1817-இல் கோல்ன் நகரின் ஜெசூயிட் உயர்பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் வாய்ப்பு கிடைத்தது. அங்கு நல்ல கருவிகளைக் கொண்ட ஓர் ஆய்வகம் இருந்தது. பூட்டுத் தொழிலாளியின் மகனாதலால், தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் கைத்திறனும் ஓமுக்கு இருந்தது. 1820-இல் ஆர்ஸ்டெடு மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டறிந்த செய்தி பரவியபின், ஓமின் கவனம் மின்னியலின்பால் திரும்பியது.

ஓம் விதியைக் கண்டறிந்த ஆய்வுகள்

மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகிய மூன்றையும் இன்று நாம் வேறுபடுத்தி அறிவதுபோல் அன்று எவரும் தெளிவாக அறிந்திருக்கவில்லை. அவற்றை அளக்கும் கருவிகளும் அன்று கிடையா. ஆகவே, ஒரு கம்பி நீண்டுகொண்டே போனால் அதில் பாயும் மின்னோட்டத்தின் காந்த விசை எவ்வாறு குறைகின்றது என்பதையே ஓம் முதலில் அளக்க முற்பட்டார்.

1825-இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையில், இக்குறைவு கம்பியின் நீளத்தின் மடக்கையை (லாகரிதம்) ஒட்டியது என்று முடிவு செய்திருந்தார். இம்முடிவு தவறானது. காரணம் அவருடைய கணிதமன்று, அவர் பயன்படுத்திய மின்மூலமே. அக்கால வோல்ட்டா மின்கலம் சுற்றை மூடியவுடன் வலுவிழக்கத் தொடங்கும். நிலையற்ற மின்மூலத்தைக் கொண்டு கம்பியின் இயல்பை அளப்பது, கணத்துக்குக் கணம் நீளம் மாறும் அளவுகோலால் நிலத்தை அளப்பது போன்றது.

ஆய்விதழ் ஆசிரியரான பொக்கன்டார்ஃப் இதற்கு ஒரு வழி கூறினார். சீபெக் 1821-இல் கண்டறிந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு அவர் பரிந்துரைத்தார். இருவேறு உலோகங்களின் இரு சந்திகளை வேறுவேறு வெப்பநிலைகளில் வைத்தால் அவற்றுக்கிடையே சிறிய, ஆனால் நிலையான மின்னழுத்தம் தோன்றும். ஓம் பிசுமத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிக்கும் நீராலும் மற்றொன்றைப் பனிக்கட்டியாலும் சூழச் செய்தார். நீர் கொதித்துக்கொண்டும் பனி உருகிக்கொண்டும் இருக்கும்வரை அவற்றின் வெப்பநிலை மாறாது. ஆதலால் மின்னழுத்தமும் மாறாது. மின்னோட்டத்தை அளக்க, தட்டையாக்கிய மெல்லிய பொன் கம்பியில் காந்த ஊசி ஒன்றைத் தொங்கவிட்டார். மின்னோட்டம் ஊசியைத் திருப்பும்போது, மேலுள்ள திருகை முறுக்கி ஊசியைப் பழைய இடத்திற்குக் கொண்டுவந்து, முறுக்கிய அளவைக் குறித்துக்கொண்டார்.

1826-இன் தொடக்கத்தில், ஒரே பருமன் கொண்ட எட்டுச் செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இச்சுற்றில் வைத்து அளந்தார். அவற்றின் நீளங்கள் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். கிடைத்த எண்கள் எளிய ஒரு வாய்ப்பாட்டில் அடங்கின. காந்த விசை என்பது ஒரு மாறிலியை, மற்றொரு மாறிலியும் கம்பியின் நீளமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது. மேலே உள்ள மாறிலி வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. அதுவே இன்றைய பெயரில் மின்னியக்கு விசை. கீழே நீளத்தோடு கூடும் மாறிலி, கம்பி நீங்கலாக அச்சுற்றில் உள்ள ஏனைய பகுதிகளின் தடை.

இந்த இரண்டாவது மாறிலி பாடநூல்களில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கினால் வருவது என்ற சுருக்கமே மாணவர்க்குத் தரப்படுகின்றது. ஆனால் ஓம் அளந்தது முழுச்சுற்றை. மின்மூலத்திற்கும் அதனுடைய இணைப்புகளுக்கும் தடை உண்டு, அதுவும் கணக்கில் சேர வேண்டும் என்பதே அவருடைய வாய்ப்பாட்டின் சிறப்பு. காரின் மின்கலத்தை ஆராய்வோர்க்கு இந்த இரண்டாவது மாறிலியே முதன்மையானது.

நூலும் புறக்கணிப்பும்

1826 ஆகஸ்டில் கோல்ன் பள்ளி அவருக்கு ஓராண்டு விடுப்பைப் பாதி ஊதியத்துடன் வழங்கியது. பெர்லினில் தம்பி மார்ட்டினுடன் தங்கி, தம் ஆய்வுகளை ஒரு கொள்கையாக உருவாக்கினார். கணித முறையில் ஆராயப்பட்ட கால்வானிக் சுற்று என்று பொருள்படும் தலைப்பில் அந்நூல் 1827-இல் பெர்லினில் வெளியாயிற்று. வெப்பம் ஒரு தண்டின் வழியே பரவுவதற்கு ஃபூரியே எழுதிய கணிதத்தை ஓம் மின்சாரத்திற்குப் பொருத்தியிருந்தார். இந்நூலின் துணையால் ஒரு பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு.

அது நிறைவேறவில்லை. நூல் செய்முறைகளிலிருந்து தொடங்காமல் கணிதத்திலிருந்து தொடங்கியதால், ஆய்வகத்தில் பழகியவர்களுக்கு அது வெறும் கற்பனைபோல் தோன்றியது. இயற்கையை எண்களுக்குள் அடக்க இயலாது என்று கருதிய ஹெகல் மெய்யியலாரின் செல்வாக்கு பெர்லினில் ஓங்கியிருந்த காலம் அது. அவர்கள் வழிவந்த இயற்பியலாளர் போல் எழுதிய மதிப்புரை நூலை முற்றாக மறுத்தது. முந்தைய ஆண்டின் செம்மையான அளவீடுகளைக் கொண்டு நூலைத் தொடங்கியிருந்தால் இத்தனை எதிர்ப்பு இருந்திராது என்றே தோன்றுகின்றது.

1828 மார்ச் மாதத்தில் ஓம் கோல்ன் பணியைத் துறந்தார். 39 வயதில் நிலையான வேலை ஏதுமின்றி, பெர்லினில் படைத்துறைப் பள்ளி உள்ளிட்ட இடங்களில் வாரத்திற்குச் சில மணி நேரம் கணிதம் கற்பித்து வாழ்ந்தார். இந்நிலை ஐந்தாண்டுகள் நீடித்தது. 1833-இல்தான் நியூரம்பெர்க் பல்தொழில்நுட்பப் பள்ளியில் பேராசிரியர் பணி கிடைத்தது. அதுவும் அவர் விரும்பிய பல்கலைக்கழகப் பதவியன்று.

ஏற்பு

ஓமின் கருத்தை முதலில் ஏற்றவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தவர்களே. ஜெர்மனியில் ஃபெக்னர், உருசியாவில் லென்சு ஆகியோர் 1830-களில் ஓம் விதியைக் கையாண்டனர். பிரான்சில் பூயே தம் சொந்த ஆய்வுகளால் இதே முடிவை அடைந்தார். தந்தி பரவத் தொடங்கியபின் இவ்விதி இன்றியமையாததாயிற்று. நெடுந்தொலைவுக் கம்பியின் மறுமுனையில் எவ்வளவு மின்னோட்டம் வந்து சேரும் என்பதை இவ்விதியின்றிக் கணிக்க வழியில்லை. 1841-இல் இலண்டன் அரச கழகம் ஓமுக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. அடுத்த ஆண்டு அவரை அயல்நாட்டு உறுப்பினராகவும் ஏற்றது. நூல் வெளியாகி 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1845-இல் பவேரிய அறிவியற் கழகம் முழு உறுப்பினராக்கியது.

இங்கிலாந்தில் கேவண்டிஷ் இவ்வுறவை ஓமுக்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டிருந்தார் என்பது 1879-இல் மாக்சுவெல் அவருடைய குறிப்புகளைப் பதிப்பித்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. கேவண்டிஷ் அதை வெளியிடாததால் அறிவியல் வளர்ச்சியில் அதற்குப் பங்கில்லாமல் போயிற்று.

ஒலியியல் விதி

1843-இல் ஓம் ஒலியைப் பற்றி எழுதினார். சிக்கலான இசையொலி ஒன்று பல தனி அதிர்வெண்களின் கூட்டாகும்; செவி அவற்றைத் தனித்தனிச் சுரங்களாகப் பிரித்து உணர்கின்றது என்பது அவர் கருத்து. வெப்ப மின்னிரட்டையைக் கண்டறிந்த சீபெக்கின் மகன் ஆகஸ்ட் சீபெக் இதனைக் கடுமையாக மறுத்தார். பின்னர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஓமின் பக்கம் நின்று இதனை விரித்தெழுதினார். இவ்விதி எல்லா நிலைகளிலும் பொருந்துவதில்லை என்று இன்று அறியப்பட்டுள்ளது. எனினும் ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து நோக்கும் வழக்கத்திற்கு இது முன்னோடி. சப்வூஃபருக்கான மிகைப்பியில் உள்ள தாழ்வெண் வடிகட்டி, ஏறத்தாழ 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் பிரித்தனுப்புவதும் இதே நோக்கின் நடைமுறை வடிவமே.

இறுதிக் காலம்

1849-இல் ஓம் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். அறிவியற் கழகத்தின் இயற்பியற் கருவித் தொகுப்பைக் காத்துவந்ததோடு, பல்கலைக்கழகத்திலும் விரிவுரையாற்றினார். மூலக்கூற்று இயற்பியல் குறித்து அவர் திட்டமிட்ட பெருநூலின் முதற்பகுதி மட்டுமே அவ்வாண்டு வெளிவந்தது. 1852-இல் செய்முறை இயற்பியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. இளமையிலிருந்து விரும்பிய பதவியில் அவர் இருந்தது இரண்டு ஆண்டுகள் மட்டுமே. 1854 ஜூலை 6 அன்று மியூனிக்கில் காலமானார். 1881-இல் பாரிசில் கூடிய மின்னியலாளர் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகிய அலகுகளை ஏற்றது. நியூரம்பெர்க்கின் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

கார் ஒலியமைப்பில் ஓம் விதி

சப்வூஃபருக்கான மிகைப்பியை வாங்குவோர் பெரும்பாலும் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணையே பார்க்கின்றனர். அவ்வெண் பெரும்பாலும் கணநேர உச்சத்தைக் குறிப்பது. தொடர்ந்து தரக்கூடிய திறன் (ஆர்.எம்.எஸ்.) எவ்வளவு, அது எத்தனை ஓம் சுமைக்குத் தரப்பட்டது என்னும் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 20 வோல்ட் தரும் ஒரு மிகைப்பியை எடுத்துக்கொள்வோம். 4 ஓம் சுமையில் 5 ஆம்பியர் பாய்ந்து 100 வாட் கிடைக்கும். 2 ஓம் சுமையில் 10 ஆம்பியர், 200 வாட். 1 ஓம் சுமையில் 20 ஆம்பியர், 400 வாட். தாளில் இது இலவசமாகக் கிடைக்கும் திறன்போல் தோன்றும். ஆனால் அத்தனை மின்னோட்டத்தையும் மிகைப்பியின் திரிதடையங்கள் (டிரான்சிஸ்டர்) தாங்க வேண்டும். 2 ஓம் வரை மட்டும் தாங்கும் மிகைப்பியில் 1 ஓம் சுமையை மாட்டினால் அது சூடேறித் தன்னை நிறுத்திக்கொள்ளும். காப்பு அமைப்பு இல்லையெனில் எரிந்துபோகும்.

ஆகவே சுமையை முதலில் கணக்கிட வேண்டும். இரண்டு 4 ஓம் சப்வூஃபர்களைப் பக்க இணைப்பில் இணைத்தால் 2 ஓம், தொடரிணைப்பில் 8 ஓம். பல சப்வூஃபர்களில் இரண்டு ஒலிச்சுருள்கள் இருக்கும். இரு 4 ஓம் சுருள்கள் கொண்ட ஒன்றை 2 ஓம் ஆகவோ 8 ஓம் ஆகவோ அமைக்கலாம். அத்தகைய இரண்டு இருந்தால், நான்கு சுருள்களையும் பக்க இணைப்பில் வைக்க 1 ஓம் வரும். ஒவ்வொன்றின் சுருள்களையும் தொடரில் இணைத்துப் பின் இரண்டையும் பக்க இணைப்பில் வைக்க 4 ஓம் வரும். அவற்றைக் கொண்டு 2 ஓம் பெற வேண்டுமென்று முயல்வோர் உண்டு. சமமாகத் திறனைப் பங்கிடும் எந்த இணைப்பிலும் அது கிடைக்காது. மிகைப்பியையும் சப்வூஃபரையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதனால்தான். இரு தடங்களைப் பாலமுறையில் (பிரிட்ஜ்) இணைக்கும்போது ஒவ்வொரு தடமும் சுமையின் பாதியையே காண்கின்றது. எனவே தடத்திற்கு 2 ஓம் வரை தாங்கும் மிகைப்பியைப் பாலமுறையில் 4 ஓமுக்குக் கீழ் இயக்கக் கூடாது.

அடுத்தது மின்கலத்திலிருந்து வரும் கம்பி. 500 வாட் தரும், 80 விழுக்காடு பயனுறுதிறன் கொண்ட டி-வகை மிகைப்பி ஏறத்தாழ 625 வாட் உட்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட் எனக் கொண்டால் 45 ஆம்பியர். இதனை 5 மீட்டர் நீளமுள்ள 8 கேஜ் செப்புக் கம்பியில் (சுமார் 8.4 சதுர மி.மீ.) செலுத்தினால், கம்பியின் தடை 0.010 ஓம், மின்னழுத்த இழப்பு சுமார் 0.46 வோல்ட், கம்பியில் வெப்பமாகும் திறன் ஏறத்தாழ 21 வாட். 4 கேஜ் கம்பியில் (சுமார் 21 சதுர மி.மீ.) இழப்பு 0.18 வோல்ட் அளவே. கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பிக்குத் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம். பார்வைக்குப் பருமனாக இருப்பதைக் கொண்டு ஏமாறலாகாது.

தாழொலி ஒவ்வொரு முறை அதிரும்போதும் முகப்பு விளக்குகள் மங்குவதைப் பலர் கண்டிருப்பர். இங்கு ஓமின் இரண்டாவது மாறிலியே செயற்படுகின்றது. மின்கலத்தின் உட்தடையும் இணைப்புகளின் தடையும் ஓம் ஒன்றின் ஆயிரத்தில் சில பங்குகளே. ஆயினும் பல பத்து ஆம்பியர்கள் ஒருங்கே இழுக்கப்படும்போது அதுவே வண்டியின் மின்னழுத்தத்தைக் கீழிறக்குகின்றது. பெரிய மின்தேக்கி வாங்குமுன், மின்கல முனைகளையும் எர்த் இணைப்பையும் சரிபார்ப்பது நன்று. எர்த் கம்பி மின்கம்பிக்கு நிகரான பருமனுடன், இயன்ற அளவு குட்டையாக, வண்ணப்பூச்சைச் சுரண்டி நீக்கிய வெற்று உலோகத்தில் இறுகப் பொருத்தப்பட வேண்டும். வண்ணப்பூச்சின்மேல் திருகப்பட்ட எர்த் கம்பி இல்லாததற்கு ஒப்பாகும்.

உருகியை (ஃபியூஸ்) மின்கலத்திற்கு அருகிலேயே, அரை மீட்டருக்குள் வைக்க வேண்டும். மிகைப்பியினுள் இருக்கும் உருகி மிகைப்பியை மட்டுமே காக்கும். இடைவழியில் கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் உடலில் பட்டால், மின்கலத்திலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர்கள் பாயும். அப்போது மின்கலத்தருகே உருகி இல்லையெனில் வண்டி தீப்பற்றும். உருகியின் அளவு கம்பி தாங்கும் மின்னோட்டத்தை மிஞ்சாதிருத்தல் வேண்டும். இவ்விணைப்புகளைச் செய்யுமுன் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். ஒலிக்குறிப்புக் கம்பிகளை மின்கம்பிக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டு சென்றால் எஞ்சினின் இரைச்சல் ஒலியில் கலப்பது குறையும்.

இரு சப்வூஃபர்களுள் ஒன்றின் நேர், எதிர் முனைகள் மாறிவிட்டால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தாழொலி பெரிதும் மறைந்துவிடும். இணைப்பு முடிந்தபின், மிகைப்பியில் மாட்டுவதற்கு முன்பு, ஒலிபெருக்கிக் கம்பிகளின் முனைகளில் பல்மானியை (மல்டிமீட்டர்) வைத்துத் தடையை அளக்க வேண்டும். 4 ஓம் எனக் குறிக்கப்பட்டது 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டுவது இயல்பே. குறிக்கப்பட்ட எண் மாறுமின்னோட்டத்திற்கான மின்மறுப்பைக் காட்டுவது. பல்மானி அளப்பதோ சுருளின் நேர்மின்தடையை மட்டும். கணக்கிட்ட சுமையின் கால் பங்களவே காட்டினால், தொடரில் இருக்க வேண்டிய சுருள்கள் பக்க இணைப்பில் இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்தியபின்பே மிகைப்பியை இயக்க வேண்டும்.